மூடாத மூடி

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்ததால் மூன்று மாதம் நான் ஆரணி வீட்டிலேயே இருந்தேன். என் ஆராய்ச்சி சென்னையில்: டி.என்.ஏ. இழைகளால் பெட்டி செய்வது. கண்ணுக்குத் தெரியாத பெட்டி, உள்ளே மருந்து வைத்து மூடலாம். எந்த இழை எதனோடு ஒட்ட வேண்டும் என்று கணினியில் வடிவமைத்து, அந்தக் குட்டி இழைகளை வரவழைத்து, ஒரு நீள இழையோடு ஒரே குழாயில் கலந்து சூடாக்கி ஆறவிட்டால், அவை ஜோடி தேடி ஒட்டித் தாமாகவே பெட்டியாகும். வடிவமைப்பதும் சிமுலேஷனில் ஓட்டிப் பார்ப்பதும் என் வேலை. கலப்பது ஆய்வகத்தில் இருக்கும் தோழியின் வேலை.

மூடியை நான்கு முறை திருத்தியிருந்தேன். நான்காவதுதான் சரியாக மூடியது. அறிக்கைக்கு ஒரு படம் வேண்டுமென்று, இழைகளை ஆர்டர் செய்ய அனுப்பிய கோப்பை ஒருநாள் ஓட்டினேன். மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடியது. மறுபடி ஓட்டினேன். அப்படியேதான். நான் அனுப்பியிருந்தது மூன்றாவது கோப்பு.

பக்கத்து வீட்டுப் பவர்லூம் சத்தத்தில் போன் பேச முடியாது. மாடிக்கு ஓடித் தோழியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“காலையிலயே கலந்து சூடாக்கற மிஷின்ல வெச்சிட்டேனே,” என்றாள் தோழி. “நிறுத்தட்டுமா?”

“நீள இழை மிச்சம் இருக்கா?”

“இல்ல. இருந்தது அவ்வளவுதான்.”

நிறுத்தினாலும் கலந்ததைப் பிரிக்க வழியில்லை. வேறொரு நிறுவனத்தின் மைக்ராஸ்கோப்பில் வியாழக்கிழமை எங்கள் முறை. அதற்கே இரண்டு மாதம் காத்திருந்தோம்.

“ஓடட்டும்,” என்றேன்.

கீழே வந்ததும் அம்மா கேட்டாள். “இன்னாடி, மொகமே செரியில்ல?”

“பெட்டிக்கு மூடி மூடாதும்மா. என் தப்புதான்.”

“நீ போயி செரி பண்ணிட்டு வாயேன். நான் இருந்துக்கறேன்.”

அவளால் தனியாகக் கட்டிலைவிட்டு இறங்க முடியாது.

“போனாலும் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. அது பாட்டுக்கு ஒட்டிகினு கீது.”

வியாழக்கிழமை மதியம் அம்மாவுக்குச் சோறு பிசைந்துகொண்டிருக்கும்போது மைக்ராஸ்கோப் படம் போனில் வந்தது. கைகழுவிவிட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவர்கள் அவ்வளவு நேர்த்தி. ஒவ்வொரு பெட்டியிலும் மூடி ஒரே பக்கம் திறந்திருந்தது.

பேராசிரியரிடம் நானே சொன்னேன். அவர் திட்டவில்லை. “அடுத்த முறை எப்பன்னு கேளுங்க,” என்றார். கேட்டேன். மைக்ராஸ்கோப்புக்கு நான்கு மாதம் ஆகும் என்றார்கள்.

தோழியிடம் அதைச் சொன்னேன். “அம்மா நடக்கறாங்களா?” என்றாள்.

“வாக்கர் பிடிச்சிகினு நாலு அடி,” என்றேன்.