நான் கொடுக்காத மஞ்சள் கடுதாசி

திருவேற்காட்டிலிருந்து மலேசியாவுக்கு வந்தவர்களில் ஒருத்தனுக்கும் கடன்படாதவன் நான் மட்டும்தான். நான் வேலை செய்யும் ரொட்டிக் கடையில் கூட இருக்கிறவர்களிடம் இப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். பச்சைப் பொய். நான் கைமாற்று கேட்காத ஒரே ஆள் எங்கள் ஊர் அம்மன்தான். அவளுக்கும் ஒரு வேண்டுதல் பாக்கி நிற்கிறது. படிப்பை நான் பாதியில் விட்டதாகவும் சொல்வதுண்டு. அதுவும் சரியில்லை, படிப்புதான் என்னை விட்டுவிட்டு ஓடியது.

கிள்ளான் ஊரில் எங்கள் கடைக்குத் தினமும் காலையில் ஒரு மலாய்க்காரர் வருவார். வயதானவர்களை இங்கே பாக்சிக் என்பார்கள், நம்மூர்ப் பெரியப்பா மாதிரி. வாடகை வண்டி ஓட்டுகிறவர். ஒரு ரொட்டி (நம்மூர்ப் பரோட்டாதான்), ஒரு தே தாரேக். அதாவது இழுத்து ஆற்றிய டீ. ஒருநாள் டீயை உறிஞ்சிக்கொண்டே, சர்க்கரை வியாதி இருக்கிறது என்று சொல்கிற மாதிரி, "சாயா முப்லிஸ்" என்றார். நான் திவால் ஆனவன் என்று அர்த்தம். வேறு யார் காதிலாவது விழுந்ததா என்று சுற்றிலும் பார்த்தேன். எங்கள் பக்கம் அந்த வார்த்தையைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சொல்வார்கள். பாவம் மனுஷன் என்று அன்றைக்கு அவரிடம் காசு வாங்கவில்லை. அவர் முகம் சிவந்துவிட்டது. காசை மேசையில் தட்டி வைத்து, "முப்லிஸ், புக்கான் பெங்கெமிஸ்!" என்றார். திவால்தான், பிச்சைக்காரன் இல்லை. மாதாமாதம் முடிந்ததைக் கட்டுகிறாராம், அரசாங்க அனுமதி இல்லாமல் வெளிநாடு போக முடியாதாம், மற்றபடி நன்றாகத் தூக்கம் வருகிறதாம். அந்தத் தூக்கத்தைக் கேட்டதும் எனக்கு வந்த பொறாமை இருக்கிறதே, அவரிடம் சொந்தமாக பங்களா இருந்திருந்தால்கூட வந்திருக்காது.

ஏனென்றால் அந்தத் தூக்கத்தைத் தேடி நானும் ஒருமுறை பூந்தமல்லி வரை போனவன். முதல் தடவை மலேசியாவில் சம்பாதித்ததை எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பி, ஆவடியில் 'மலேசியா பரோட்டா' என்று பலகை மாட்டினேன். மாவை நான் தலைக்கு மேல் சுழற்றி வீசுவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். போனில் படம் பிடிப்பார்கள், கை தட்டுவார்கள், பிறகு பக்கத்துக் கடையில் போய் பிரியாணி சாப்பிடுவார்கள். நான் பரோட்டா மாஸ்டரா, சர்க்கஸ்காரனா என்று எனக்கே சந்தேகம் வந்தபோது வாடகை பாக்கி, பைனான்ஸ் பாக்கி, எல்லாவற்றுக்கும் மேலே சீட்டுப் பாக்கி.

சீட்டு என்றால் விசாலம் அக்கா பிடிக்கும் ஏலச்சீட்டு. கடை வைப்பதற்காக ஆரம்ப மாதத்திலேயே தள்ளுபடி போக மொத்தப் பணத்தையும் எடுத்துவிட்டேன். அப்படி எடுக்கிறவன் மீதி மாதமெல்லாம் ஒழுங்காகக் கட்டுவான் என்பதற்கு ஒருத்தர் ஜாமீன் போட வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே தகுதி, ஆவடி கவர்ன்மென்ட் பாக்டரிச் சம்பளம். பாக்டரிக்காரர் கையெழுத்து இருந்தால் கழுதைக்குக்கூடச் சீட்டு கிடைக்கும். எனக்குக் கிடைத்ததே அதற்குச் சாட்சி. கையெழுத்துப் போட்டவர் மாரியப்பன் அண்ணன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், குவார்ட்டர்ஸ்வாசி. என் பரோட்டாவை உண்மையிலேயே காசு கொடுத்துத் தின்ற சொற்பப் பேரில் ஒருவர்.

பைனான்ஸ்காரர்கள் வீட்டு வாசலில் வண்டியைப் போட்டு உட்கார ஆரம்பித்தார்கள். அவர்களுக்கும் என் மனைவி அமுதாதான் தண்ணீர் கொடுப்பாள். ஒருநாள் சொம்பை உள்ளே கொண்டு வந்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அல்லாரும் மஞ்ச கடுதாசி, மஞ்ச கடுதாசின்றாங்களே. அத்த குடுத்துட்டா நீ இங்கயே எங்களோட இருப்பியா?"

"குடுத்துட்டா ஒருத்தன் வாயத் தொறக்க முடியாது. ராஜா மாதிரி இருக்கலாம்."

"ராஜா வோணாம். ஊட்ல இரு, அது போதும்."

என் மகள் என்னை போனிலேயே பார்த்து வளர்ந்தவள். நான் திரும்பி வந்த அன்று விமான நிலையத்தில் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்பா இவ்ளோ குள்ளமா?" என்று கேட்டவள். இப்போதுதான் என் உயரத்துக்குப் பழகியிருந்தாள். மறுபடியும் கிள்ளானுக்குப் போனால் சம்பாதித்து அடைக்கலாம். ஆனால் அடைத்து முடிப்பதற்குள் அவள் என்னைவிட உயரமாகிவிடுவாள். கடுதாசி கொடுத்தால் இங்கேயே இருக்கலாம். இதுதான் என் முன்னால் இருந்த கணக்கு. கூட்டல் கழித்தல் தெரியாதவனுக்குக்கூடப் புரிகிற கணக்கு.

பூந்தமல்லியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் வக்கீலம்மா இருந்தார். என் மகளுக்கு அக்கா மாதிரி வயசு. நான் முதலில் கேட்ட கேள்வி, அந்த மஞ்சள் தாள் எங்கே விற்கும் என்பது. அவர் சிரிக்கவில்லை.

"வெள்ளத் தாள்தாங்க. ஐ.பி.ன்னு சொல்வோம், இன்சால்வன்சி மனு. மஞ்சள்லாம் ஊர்ப் பேச்சு."

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. இத்தனை பேர் மானத்தை வாங்கிய கடுதாசிக்கு ஒரு நிறம்கூட இல்லையா!

"குடுத்தா கடன் அல்லாம் அவுட்டு, கரீட்டா மேடம்?"

"கோர்ட்டு ஒத்துக்கணும். உங்க பேர்ல இருக்கற சொத்து கோர்ட்டு கைக்குப் போகும், வித்து எல்லாருக்கும் பிரிப்பாங்க. கேஸ் நடக்கும்போது கோர்ட்டைக் கேக்காம வெளிநாடு கிளம்ப முடியாது. உங்க பேர்ல என்ன இருக்கு?"

"ஊட்ல பாதி. அப்பறம் ஒரு தோசக்கல்லு."

"தொழில் சாமானை விட்ருவாங்க" என்றார், அப்போதும் சிரிக்காமல். "கடன் எதுக்காவது ஜாமீன் இருக்கா?"

"சீட்டுக்கு ஒர்த்தர் போட்டுக்கீறாரு. பாக்டரில கீறாரு."

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். "இதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும் நீங்க. ஐ.பி. உங்களத்தான் காப்பாத்தும். ஜாமீன் போட்டவரக் காப்பாத்தாது. நீங்க கை விரிச்சா அடுத்த நாள் அவர்கிட்டதான் போவாங்க. சம்பளத்துல பிடிப்பாங்க. மனுவக் குடுக்கறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

மஞ்சள் கடுதாசி என்றால் கரும்பலகையைத் துணியால் துடைப்பது மாதிரி என்று நினைத்திருந்தேன். எங்கள் தெருவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. என் பெயரைத் துடைத்தால் அதே இடத்தில் மாரியப்பன் என்று எழுதுவார்கள் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாளே ஆவடிக்குப் போனேன். வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்ததால் பரோட்டா போட்டு எடுத்துக்கொண்டேன். அண்ணன் குவார்ட்டர்ஸ் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"வாடே மலேசியா. மூஞ்சி என்ன, தீஞ்சுபோன பரோட்டா மாதிரி இருக்கு?"

வரும் வழியெல்லாம் சிரிப்பாக ஆரம்பிக்க ஒரு வார்த்தை தேடி வைத்திருந்தேன். அது வாய்க்கு வரவில்லை. "அண்ணாத்தே, ஐ.பி. குடுக்கலாம்னு கீறேன்" என்று நேராகச் சொல்லிவிட்டேன். பம்பை அடித்துக்கொண்டிருந்த கை நின்றது. திட்டுவார் என்று பார்த்தால், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என்னை வேப்பமரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"எந்த வக்கீலுலே? என்ன சொன்னாவ?"

சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்கும் அதேதான் சொன்னாவ. நான் அம்பத்தூர்ல கேட்டேன்."

"நீ இன்னாத்துக்கு அண்ணாத்தே கேட்ட?"

"உன்ன மாதிரி இன்னும் மூணு பேருக்குக் கையெழுத்துப் போட்டுருக்கேம்லா. அதுல ரெண்டு பேர் ஊரைவிட்டே ஓடிட்டானுவ. சம்பளத்துல ஏற்கனவே பிடிக்கான். உன்னோடதும் சேந்து வந்தா ஒண்ணும் மிஞ்சாது. நானே கடுதாசி குடுத்துருவமான்னு பாத்தேன். உத்தியோகத்துக்கு வம்பு வரும்னுட்டாவ."

பிறகு அவரே கேட்டார்: "சரிடே, யாரு முந்தி குடுக்கது? டாஸ் போடுவமா?"

சிரிப்பு வந்துவிட்டது. சைக்கிள் சரிந்து விழுகிற அளவுக்குச் சிரித்தோம். அண்ணன் மனைவி வெளியே வந்து, "என்னத்துக்கு இந்தச் சிரிப்பு?" என்று கேட்டாள். "சும்மா, அவன் கடைக் கதை" என்றார் அண்ணன். அவள் பரோட்டாப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனதும் அவர் முகத்தில் சிரிப்பு இருந்த இடமே தெரியவில்லை.

"நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும்டே. அதுவரைக்கும் என் சம்பளத்துல உம்பேரு வராமப் பாத்துக்கிடுவியா? பெறவு நீ என்ன கடுதாசியும் குடு."

அவர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் மறுநாளே பூந்தமல்லிக்குப் போய் மனுவில் கையெழுத்துப் போட்டிருப்பேன். கேட்டுவிட்டார். அதுதான் வினை.

கடுதாசி கொடுப்பது கேவலம் என்று உபதேசம் பண்ண நான் வரவில்லை. உங்கள் கழுத்தில் உங்கள் கயிறு மட்டும்தான் இருக்கிறது, பின்னால் வேறு யாரும் கட்டப்படவில்லை என்றால் தாராளமாகக் கொடுங்கள். பாக்சிக் மாதிரி காலையில் வந்து டீ குடியுங்கள். என் கயிற்றின் மறுமுனை ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு வேப்பமரத்தடியில் இருந்தது, அவ்வளவுதான். வீட்டில் சொன்னபோது அமுதா அழவில்லை. "எப்ப டிக்கெட்டு?" என்று மட்டும் கேட்டாள். மகள் கதவு நிலையில் என்னை நிற்கவைத்துப் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டாள்.

விசாலம் அக்கா கோர்ட்டுக்குப் போகவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். "இந்தா பாரு சேகரு, சீட்டு எட்த்தவன் பிளேன் ஏறிட்டான்னு தெரிஞ்சா மத்தவன் அல்லாம் கட்றத நிறுத்திடுவான். என் பொழப்பு நாறிடும். துட்டும் வரணும், ஏலத்தன்னிக்கு உன் மூஞ்சியும் இங்க வரணும்." அதனால் மாதாமாதம் ஏல நாளில் ஆவடியில் அக்கா வீட்டுக் கூடத்தில் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுகிறார்கள். மாரியப்பன் அண்ணன் என்னை வீடியோ காலில் கூப்பிட்டு, தன் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து அதில் வைப்பார். ஏலம் முடியும் வரை நான் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து போகக் கூடாது, அணைக்கக் கூடாது.

இன்றைக்கு ஏல நாள். ரொட்டிக் கல்லுக்குப் பக்கத்தில் சர்க்கரை டின்னில் என் போனைச் சாய்த்துவிட்டு, அங்கே உட்கார்ந்தபடி இங்கே இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கூடத்தில் இன்னும் நாலைந்து பேர் வர வேண்டுமாம். அதுவரை பொழுது போக, "டே மலேசியா, அந்தத் திவாலான ஆளு கதையச் சொல்லு" என்கிறார் அண்ணன். இவர்களுக்கு அந்த வார்த்தையை இப்போது சிரித்துக்கொண்டே கேட்க வருகிறது. சொல்ல ஆரம்பித்துவிட்டேன்: "அந்தாளு டீயக் குட்ச்சிகினே இன்னா சொன்னான்னா..."

"சேகர்! ரொட்டி கோசோங் தீகா! செப்பாட்!"

முதலாளி கூப்பிடுகிறார். மூன்று ரொட்டி, சீக்கிரம். பேனாவை வைக்கிறேன். ஆவடியில் என் நாற்காலியில் இப்போது எண்ணெய் படிந்த கிள்ளான் சுவர் ஒன்று உட்கார்ந்திருக்கும். "எங்கடா போய்ட்டான்?" என்று அக்கா கேட்பது இங்கே கேட்கிறது. "இங்கதான் இருக்கான், மாவு வீசுத சத்தம் கேக்குலா" என்கிறார் அண்ணன்.