தள்ளிப்போன மாதம்

எனக்குக் கர்ப்பப்பை கிடையாது. ஆனாலும் ஆறு வருடம், மாதந்தோறும் வீட்டுக்குத் தூரமாகிவிட்டதாகச் சொல்லி என் மாமியாரை ஏமாற்றினேன். இந்தப் பொய்யை நீங்கள் மன்னித்துவிடக்கூடும். நான் சொல்ல வந்தது இதைவிடப் பெரியது.

தொண்ணூறுகளின் நடுவில், புனேயில் என் மகள் பிறந்தாள். பிறந்த பின் எனக்கு உதிரப்போக்கு நிற்கவே இல்லை. கர்ப்பப்பையை எடுத்துத்தான் என்னைப் பிழைக்க வைத்தார்கள். நான் கண் விழித்தபோது மகள் தொட்டிலில் இருந்தாள். இனி இன்னொன்று இல்லை என்பதைக் கணவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

“பிழைச்சு வந்ததே பெரிய காரியம்” என்றார்கள் எல்லோரும். உண்மைதான்... யார் மறுக்க முடியும்? ஆனால் அந்த வார்த்தை என் வாயை அடைத்துவிட்டது. படியேறினால் மூச்சு வாங்கியது. பால் சுரக்கவில்லை. பிழைத்து வந்தவள் எதைக் குறை சொல்வது? இன்னொரு குழந்தை வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது?

மாமனார் திருநெல்வேலியில் படுத்த படுக்கையாக இருந்ததால் அத்தை என் பிரசவத்துக்கு வரவில்லை. மாமனார் காலமான பின், புனேயின் கோந்த்வா பகுதியில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டுக்கே வந்துவிட்டார். “அம்மைட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். தாங்க மாட்டா” என்றார் கணவர். வயிற்றுத் தழும்பைச் சிசேரியன் என்று சொல்லிவிட்டோம். ஆனால் அத்தை மூன்று நாள் தீட்டுப் பார்ப்பவர். மாதம் ஒருமுறை நான் தூரமாக வேண்டுமே! ஆனேன். தனிப் பாயும் தனித் தட்டுமாகப் பால்கனி ஓரம் உட்கார்ந்தேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. ஓய்வு கிடைத்தது என்பதற்காக மட்டுமில்லை. மற்றப் பெண்களைப் போல எனக்கும் எல்லாம் இருக்கிறது என்று... அப்போது எனக்கே தோன்றும்.

ஒரு கோடையில் மகளுக்குக் காய்ச்சல். கணவர் வேலையாகத் தில்லி போயிருந்தார். அந்தக் கவலையில் தேதியை மறந்துவிட்டேன். நினைவு வந்தபோது நாள் வெகுவாகத் தள்ளிப்போயிருந்தது. அத்தை எதுவும் கேட்கவில்லை. என் தட்டில் சோறு மட்டும் கூடியது. காய்கறி விற்கும் பாஜிவாலாவின் வண்டியில் பொறுக்கியெடுத்த மாங்காய்கள் அடுக்களையில் இருந்தன. “குனிஞ்சு பெருக்காத, ஏளா. நான் பாத்துக்கிடுதேன்” என்றார்.

அன்றே பாயை விரித்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டு மாங்காயைத் தின்றேன்! வயிற்றில் கை வைத்துப் படுத்தேன். பெயர்கூட யோசித்தேன். எனக்குப் பைத்தியமா? இல்லை... எல்லாம் தெரிந்தேதான் செய்தேன். அவ்வளவு ஆசையாக இருந்தது.

“வெள்ளிக்கிழம டாக்டரம்மாட்ட போயிட்டு வந்துருவோம்” என்று அத்தை சொன்னதும்தான் எனக்குப் பயம் வந்தது. மறுநாள் குழாயில் தண்ணீர் இல்லை. தெருவுக்கு டேங்கர் வந்தது. அத்தைக்கு முழங்கால் வலி. “ரெண்டே குடம்... பையத் தூக்கிட்டு வந்துருதியா?” என்றார் தயங்கி. தூக்கி வந்தேன். சாயங்காலம் பாயை எடுத்துப் பால்கனி ஓரம் போட்டேன்.

அத்தை குடங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதன் பின் டேங்கர் வந்த நாளெல்லாம், முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவரே இறங்கிப் போனார். ஏன் என்று எனக்குப் புரியாமலா இருந்தது? புரிந்தும் பேசாமல் இருந்தேன்.

சில வருடம் கழித்து அத்தை படுக்கையில் விழுந்தார். ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தப் பிள்ள... நான் குடம் தூக்கச் சொன்னதுலதான போச்சு? என்னை மன்னிச்சிரு தாயி.”

பிள்ளையே இல்லை அத்தை... இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை அன்றோடு இல்லாமல் போய்விடும். உலகத்தில் அதற்காக என்னோடு சேர்ந்து ஏங்கியவர் அவர் ஒருவர்தான்.

“மன்னிச்சிட்டேன், அத்தை” என்றேன்.

அவர் படுத்தபடியே என்னைக் கும்பிட்டார். அந்த வாரமே போய்ச் சேர்ந்தார்.

உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் என்னைக் கும்பிட்ட பின் அதைக் கேட்க எனக்கு ஏது முகம்? ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். இந்த ஜூனில் எங்கள் தெருப் பிள்ளைகள் புதுப் பையோடு பள்ளிக்குப் போனபோது, அந்தப் பிள்ளையும் இந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு பால்கனியில் நின்றேன்.