எண்ணக்கூடாத மீன்கள்

டென்மார்க்கின் சில்க்போர்க் ஏரியில் எங்கள் படகு நகர்கிறதா என்பதைக் கரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். துடுப்பு வலிக்கும் அந்தோனி மன்னார்க்காரர், அகதியாக வந்து இங்கே இரண்டு குளிர்காலம் கண்டவர். வேகமாகப் போனால் தூண்டில் மேலே வந்துவிடுமாம். மீன் அடியில்தான் கிடக்குமாம். பின்னால் இழுபடும் நூலின் முனை என் கால் பெருவிரலில் சுற்றியிருக்கிறது. இருவருக்கும் ஒரே ஒரு மிதவை அங்கி. அதை நான் போட்டிருக்கிறேன்.

கத்தோலிக்கரான அவர் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி இல்லை. இன்று வெள்ளி. மீன் குழம்புக்குப் புளி ஊறுகிறது. சாப்பிட ஆறு பேர்.

"நாலுதான் கிடக்குது," என்கிறேன், வாளியைப் பார்த்து.

"ஐயோ மாஸ்டர்! கரைக்குப் போக முன்னம் மீனை எண்ணக்கூடாது. இனி ஒண்டும் வராது, பாருங்கோ."

சொன்னபடியே ஒன்றும் வரவில்லை. மரங்களின் நிழல் தண்ணீரில் நீள்கிறது. துடுப்பிலிருந்து சொட்டும் துளிகளை எண்ணத் தொடங்கி, எங்கேயோ விட்டுவிடுகிறேன். கண் சொருகுகிறது. படகு போகிறதா, ஏரி போகிறதா?

பெருவிரலை ஏதோ சுண்டுகிறது. நூலை இழுக்கிறேன். வரிவரியாய் ஒரு மீன் துள்ளி வாளியில் விழுகிறது.

"இப்ப எத்தனை, மாஸ்டர்?" என்று குறும்பாகக் கேட்கிறார் அந்தோனி.

"எனக்கென்ன தெரியும்? நீர் மெல்ல வலியும்."

தொப்பியைக் கழற்றி வாளியை மூடுகிறேன்.