வாய்க்காலுக்கு எதுக்குக் கயிறு?

ஒஸ்லோவின் ஒதுக்குப்புறமான ஸ்டோவ்னரிலிருந்து நான் ரயிலில் வேலைக்குப் போய்ச் சேருகிற நேரத்தில் நாங்கள் வாடகைக்கு எடுத்த படகு ஒரு பாலத்தைத் தாண்டினால் பெரிய காரியம். இங்கிலாந்தில் ஏதோ ஒரு பழைய தொழிற்சாலை வாய்க்கால். தண்ணீர் ஆறிப்போன பால்தேத்தண்ணி நிறம். இருபுறமும் கண்ணாடி உடைந்த செங்கல் கட்டடங்கள், மிதக்கிற பொலித்தீன் பைகள். கரையில் நாயோடு நடந்த ஒரு மனுசி எங்களை முந்திப் போய், திரும்பிக் கையசைத்தாள். இதற்குப் பெயர் விடுமுறை.

யோசனை என் மனைவியுடையது. அவளுடைய அண்ணன் நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் மீன்பிடிப் படகுகளில் வேலை செய்து ஓய்ந்தவர், மனைவியை இழந்து தனியாக இருந்தார். அவரை எங்களுக்குப் பக்கத்தில், எல்லிங்ஸ்ருட்டில் குடிவைக்க அவளுக்கு ஆசை.

"உங்கள் ரெண்டு பேரையும் ஒரு கிழமை ஒரு படகுக்குள்ளை விட்டுப் பாக்கிறன். சண்டை பிடிக்காமல் திரும்பினால் அண்ணையை வரச் சொல்லுவன்" என்றாள்.

ஒரு சண்டை போதும், மனிதர் வடக்கிலேயே இருந்துவிடுவார். எனக்கும் அதுதான் வேண்டும். எதற்கெடுத்தாலும் "கடல் பெரிசு மச்சான்" என்பார். தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்றாலும் கடல் பெரிசு.

மூன்றாம் நாள் வாய்க்கால் ஒரு படி கீழிறங்கும் இடத்துக்கு வந்தோம். இரண்டு பெரிய கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, மதகைத் திறந்து தண்ணீரை வடித்தால் படகும் சேர்ந்து இறங்கும். மச்சான் மதகடிக்குப் போனார். கரையில் நின்ற என் கையில் படகின் கயிறு.

"கட்டிப்போடாதை மச்சான். தண்ணி இறங்க இறங்க விட்டுக் குடு."

"ஓமோம், இந்த வாய்க்காலுக்குள்ளை புயல் அடிக்கப் போகுது!"

அவர் முதுகைத் திருப்பியதும் கரையிலிருந்த இரும்புக் கட்டையில் கயிற்றை இறுக்கிக் கட்டினேன். இந்த அழகை ஒஸ்லோ ஆட்களுக்குக் காட்டிச் சிரிக்கலாம் என்று கைத்தொலைபேசியை எடுத்தேன்.

தண்ணீர் இறங்கியது. படகு இறங்கவில்லை. கயிற்றில் தொங்கியபடி ஒருபக்கம் சரிந்தது. உள்ளே சோற்றுப்பானை உருண்டது. "ஐயோ, அண்ணை!" என்று மனைவி கத்தினாள். என்னை இல்லை, அண்ணையை. முடிச்சு இறுகி என் விரலுக்கு அசையவேயில்லை. அவர் அந்த மதகை மூடி, மேல் மதகைத் திறந்தார். தண்ணீர் திரும்ப ஏற, படகு நிமிர்ந்தது.

தலைமுடியில் சோற்றுப் பருக்கையோடு மனைவி வெளியே வந்தாள். "ஆர் இதைக் கட்டினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "ஒருத்தரும் கட்டேல்லை தங்கச்சி. கயிறு தானாச் சிக்கிப் போச்சுது."

அவள் முடிச்சைப் பார்த்தாள். என் சப்பாத்துக் கயிற்று முடிச்சு அது, கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவளுக்குத் தெரியும். "அப்ப சண்டை ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த வாய்க்கால் வெறும் சாக்கடைதான். என் எண்ணம் மாறவில்லை. கடலையும் அவர் சின்னதாக்கவில்லை. இப்போது எல்லிங்ஸ்ருட்டிலிருந்து ஞாயிறுதோறும் வருகிறார். அவரை வழியனுப்ப வாசலில் குனிந்து நான் சப்பாத்துக் கட்டும்போது, "இறுக்காதை மச்சான்" என்கிறார்.