ஆறரை போட்ட எட்டரை

அவரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் எனக்கு மதிப்பெண் போட்டார்.

வேலையில் சேர்ந்த முதல் நாள். கைப்பேசி பழுதுபார்க்கும் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில், நான்கு மேசை போட்ட அலுவலகம். வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதி வெளியிடும் இணையதளம் அது. பிழை திருத்த என்னை எடுத்திருந்தார்கள். சான்றிதழ்க் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். சன்னலோர மேசையில் ஒருவர், கால் இரண்டையும் குப்பைத்தொட்டியின் விளிம்பில் நீட்டிக்கொண்டு, கேம் ஆடிக்கொண்டிருந்தார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"என்ன படிச்சிருக்க?"

சொன்னேன். கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். "எங்க குடும்பத்துல முதல் பட்டதாரி நான்தான் சார்."

"அப்போ போட்டியே இல்லாம ஜெயிச்சிருக்க. ஆறரை."

அலுவலகமே சிரித்தது. எனக்கு எதற்கு ஆறரை என்று புரியவில்லை. அதுதான் அவருடைய பட்டப்பெயர் என்பது மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக விமர்சனம் எழுதுகிறார். அதில் பாதிக்கு மேல் பத்துக்கு ஆறரை. "ஏழு போட்டா கேம் பண்ணினவன் கேக் வெட்டுவான். ஆறு போட்டா சண்டைக்கு வருவான். ஆறரை போட்டா என்ன பண்றதுன்னே தெரியாம முழிப்பான். எனக்கு அந்த முழிதான் வேணும்" என்பார்.

நான் மதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டு ஊரைவிட்டு வெளியே வந்தவன். அரை மதிப்பெண்ணில் கல்லூரி இடம் கைநழுவிப் போனவன் என் வகுப்பிலேயே இருந்தான். அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். இன்று லாரியில் மூட்டை ஏற்றுகிறான். எண்ணோடு விளையாடுகிறவர்களை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. படிப்பவர்கள் என் கோபத்தைக் கழித்துக்கொண்டு மீதியைப் படிக்கலாம்.

அவர் வேலை செய்யும் முறை இது. புது கேம் வந்தால் ஒரு மணி நேரம் ஆடுவார். பிறகு யாரோ கொடுத்த விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் பென்சிலால் ஓர் எண்ணை எழுதி விசைப்பலகைக்கு அடியில் செருகுவார். மீதி நேரமெல்லாம் அந்த எண்ணுக்குக் காரணம் தேடி ஆடுவதுதான். "முதல்ல எண்ணு. எழுத்து அதுக்குப் பின்னாடி நாய்க்குட்டி மாதிரி வரும்." எழுத்து வரத்தான் செய்தது. பொய் சொல்ல மாட்டேன், அவருடைய கட்டுரைகளில் எனக்குத் திருத்த வேலையே இருக்காது. ஒற்றுப் பிழை இல்லை, ஒரு வாக்கியமும் தள்ளாடாது. அந்த எழுத்துக்காகவே அவரைச் சகித்துக்கொண்டேன்.

இன்னொரு பழக்கம். கேம் முடிந்ததும் அதை உருவாக்கியவர்களின் பெயர்கள் திரையில் வரிசையாக ஏறும் அல்லவா? முதல் பெயர் தலைகாட்டியதுமே பொத்தானை அழுத்தித் தாண்டிவிடுவார். "சார், அதையும் பாக்கலாமே" என்று ஒருமுறை சொன்னேன். "டெலிபோன் டைரக்டரி படிக்கவா தம்பி எனக்குச் சம்பளம்?" என்றார்.

நான் அங்கே பிழை திருத்திய முதல் கட்டுரையும் அவருடையதுதான். எல்லா விமர்சகர்களும் போடும் மதிப்பெண்களைத் திரட்டி, நூற்றுக்கு இத்தனை என்று ஒரே சராசரியாகக் காட்டும் தளம் ஒன்று உண்டு. கேம் வாங்குகிறவன், செய்கிறவன், முதல் போடுகிறவன் எல்லோரும் அந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். அந்தத் தளத்தின் விதிகளைப் பற்றி நீளமாக எழுதியிருந்தார். விமர்சனம் வெளியான ஒரு நாளுக்குள், தவறு நேர்ந்துவிட்டது என்று எழுதிக் கேட்டால் மதிப்பெண்ணை நீக்கிவிடுவார்கள். ஒரு நாள் தாண்டினால் அவ்வளவுதான். விமர்சகர் பிறகு மனம் மாறி வேறு எண் போட்டாலும் அவர்கள் கணக்கில் முதல் எண்தான் நிற்கும். நான் இரண்டு காற்புள்ளி மட்டும் சேர்த்தேன். பிறகு மறந்தும் போனேன்.

அவருக்கு ஒரு தங்கை. தங்கையின் கணவர் கேம் செய்கிறவர். வாடகை வீட்டின் முன்னறையில் ஏழு பேர் மூன்று வருடம் உட்கார்ந்து ஒரு கேமை உருவாக்கியிருந்தார்கள். நாற்பது மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குபவரின் கதை. ஆறரைக்கும் அந்த மாப்பிள்ளைக்கும் ஆகவே ஆகாது. காரணத்தை ஆறரையே என்னிடம் சொன்னார். ஒருநாள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை சொன்னாராம்: "மச்சான் ரிவியூவை நான் கீழேயிருந்துதான் படிப்பேன். முதல்ல நம்பர் வரும். அதோட நிறுத்திடுவேன்." தங்கையும் சிரித்துவிட்டாளாம். இதை அவர் சிரிக்காமல் சொன்னார்.

கேம் விமர்சனத்துக்கு வந்த அன்று எங்கள் ஆசிரியர், "சார், இது உங்க மாப்பிள்ளை கேம். வேற யாராவது எழுதட்டுமே" என்று பணிவாகத்தான் சொன்னார்.

"சொந்தம்னு ஒதுங்கிறவன் விமர்சகனா மேடம்? குடுங்க இப்படி."

வழக்கம்போல ஒரு மணி நேரம். கார்டு. பென்சில். அவர் தண்ணீர் பிடிக்கப் போனபோது விசைப்பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த எண்ணைப் பார்த்தேன். நான்கு.

அந்த கேமுக்கு என்ன நிபந்தனை என்பது அவருக்குத் தெரியும். வெளியிடும் நிறுவனம் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது: பத்தாம் நாள் சராசரித் தளத்தில் எழுபத்தைந்து இருந்தால் அதே ஏழு பேருக்கு அடுத்த கேம். குறைந்தால் கடையைக் கட்ட வேண்டியதுதான். தங்கை போனில் சொன்னதை ஸ்பீக்கரில் போட்டு எங்களுக்கே கேட்க வைத்திருந்தார்.

விமர்சனம் வெளியானது. தலைப்பு: "நான்கு மணி நேரத்தில் அறுந்து விழுந்த லிஃப்ட்." கிழி கிழியென்று கிழித்திருந்தார். கேம் மிகவும் சிறியது, மூன்று கட்டங்களோடு முடிந்துவிடுகிறது, கம்பி அறுந்து இருட்டாகிறது, பெயர்கள் வருகின்றன, கதை தொங்கலில் நிற்கிறது, பத்துக்கு நான்கு.

இரண்டு மணி நேரத்தில் வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். முதல் கருத்தே இதுதான்: "அண்ணே, மீதி எட்டு மணி நேரத்தை எங்க வெச்சீங்க?" அடுத்தது: "இடைவேளையில வீட்டுக்குப் போனவர் படத்துக்கு விமர்சனம் எழுதிட்டார்."

விஷயம் இதுதான். மூன்றாம் கட்டத்தின் முடிவில் வந்தது பொய் முடிவு. பெயர்களை முழுவதும் ஓடவிட்டால், கடைசிப் பெயருக்குப் பிறகு இருட்டில் லிஃப்ட் கதவை யாரோ தட்டுவார்கள். கதவு இரண்டு மாடிகளுக்கு நடுவே திறக்கும். உண்மையான கேம் அங்கேதான் தொடங்குகிறது. பொத்தானை அழுத்திப் பெயர்களைத் தாண்டினால் முதல் பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கேயும் 'தொடர்க' என்ற சொல் மினுக்கிக்கொண்டுதான் இருக்கும். பார்க்கிறவனுக்குத் தெரியும்.

மற்ற ஏழு விமர்சகர்களும் பெயர்களைப் பார்த்திருந்தார்கள். அவர்களுடைய சராசரி எழுபத்தைந்துக்கு ஒரு பொட்டு மேலே. எங்கள் நான்கு போய்ச் சேர்ந்ததும் எழுபத்தொன்று.

ஆசிரியர் அன்று மாலையே அவர் மேசைக்கு வந்தார். "தெரியாம நடந்துபோச்சு சார். எடுத்துடலாம். இன்னைக்கே எழுதிக் கேட்டா நீக்கிடுவாங்க."

அவர் காலைக் குப்பைத்தொட்டியிலிருந்து எடுக்கவில்லை. "பன்னெண்டு வருஷத்துல ஒரு நம்பரை மாத்தினது இல்ல. மாத்துறவன் விமர்சகன் இல்ல, வியாபாரி. வாசல்ல எழுதி ஒட்டியிருக்கேன், பாக்கலையா?" ஒட்டித்தான் இருந்தது, அவர் கையெழுத்திலேயே.

"முழுசா ஆடவே இல்லையே சார்!" என்று நான் வாயை விட்டேன்.

"கெட்டுப்போன பாலைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சுட்டுத்தான் துப்பணுமா, பட்டதாரி? காலேஜ்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

அந்த ஒரு நாள் கழிந்தது. மறுநாள் காலை தங்கை நேரே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். மூன்று மாடி ஏறிய மூச்சோடு, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவர் மேசை முன்னால் நின்றார்.

"அண்ணா, உனக்கு அவர் மேல கோபம்னா அவரைத் திட்டு. வீட்டுக்கு வந்து திட்டு. நான் காபி போட்டுக் குடுக்கறேன், குடிச்சுக்கிட்டே திட்டு. அந்த ஆறு பேர் உன்னை என்ன பண்ணினாங்க?"

"இது வேலை. வீட்டுப் பேச்சை இங்க கொண்டு வராத."

"வேலையா? பாதி பரீட்சை பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டு மார்க் போட்டிருக்க. இதை வேலைன்னு சொல்லிக்க உனக்கு வெக்கமா இல்ல?"

"உன் புருஷன் பொறி வெச்சுட்டு என்னைக் குத்தம் சொல்றியா?"

"பொறி எல்லாருக்கும்தான் வெச்சிருந்தது. மாட்டினது நீ ஒருத்தன்தான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன், சிரிப்பை மறைக்க. தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. குரல் இறங்கிவிட்டது. "நம்பரை மாத்து அண்ணா. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். இன்னும் எட்டு நாள் இருக்கு. முழுசா ஆடிட்டு, உனக்குத் தோணுற நம்பரைப் போடு. நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னே போடு. ஆனா ஆடிட்டுப் போடு."

அவர் காலைக் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்தார். பிறகு, "சரி போ. மாத்தறேன்" என்றார்.

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. அவர் சொன்னபடியே செய்தார். இரண்டு நாள், காலை முதல் மாலை வரை, அந்த கேமை ஆடினார். பெயர்கள் ஏறியபோது பொத்தானைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கடைசிப் பெயர் வரை பார்த்தார். கதவு தட்டும் சத்தம் கேட்டபோது நாங்கள் மூன்று பேரும் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தோம். அன்றைக்கு அவர் மேல் எனக்கு மரியாதைகூட வந்தது. இப்போது நினைத்தால் அந்த மரியாதைதான் என்னை எரிக்கிறது.

புது விமர்சனம் எழுதினார். தலைப்பு: "பொத்தானை அழுத்திய விரல் என்னுடையது." அவர் எழுதியதிலேயே சிறந்தது அதுதான் என்று இன்றும் சொல்வேன். சுற்றி வளைக்காமல், சப்பைக்கட்டு கட்டாமல், தான் பார்க்காமல் விட்டதைப் பார்த்த மனிதனின் எழுத்து. பத்துக்கு எட்டரை. அந்த எண்ணைக் கட்டத்தில் தட்டியது நான்தான். வாசலில் ஒட்டியிருந்த தாளை அவரே கிழித்தார். கிழிப்பதைப் படம் எடுத்துக் கட்டுரையோடு போடச் சொன்னார்.

கிழித்துத் தோரணம் கட்டிய அதே வாசகர்கள் அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். "மனுஷன்யா!" என்று ஆயிரம் பேர் எழுதினார்கள். தங்கை போன் செய்து அழுதார். அதையும் ஸ்பீக்கரில் போட்டார்.

நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். எட்டரை ஏறினால் சராசரி எழுபத்தாறைத் தாண்டும். ஆறாம் நாள் பார்த்தேன், எழுபத்தொன்று. தளம் மெதுவாகத்தான் புதுப்பிக்கும் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். எட்டாம் நாள், எழுபத்தொன்று. பத்தாம் நாள் காலை அலுவலகத் தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன்.

"தம்பி, நான்தான். அது ஏன் இன்னும் மாறல? இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் டைம். அண்ணன் செல்லை எடுக்க மாட்டேங்குது."

தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டேன். "சார், அந்தத் தளத்துல நம்பர் ஏன் இன்னும் மாறல?"

அவர் புது கேம் ஒன்றை ஆடிக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்கவில்லை. "அங்க முதல் நம்பர்தான் நிக்கும். உனக்குத் தெரியாதா? நீதானே புரூஃப் பாத்த."

அந்த இரண்டு காற்புள்ளிகள் என் கண் முன்னால் வந்து நின்றன.

"தெரிஞ்சேவா சார் மாத்தறேன்னு சொன்னீங்க?"

"தங்கச்சி நம்பரை மாத்தச் சொன்னா, மாத்திட்டேன். எங்க மாத்தணும்னு அவ சொல்லலையே."

அவருக்கு அதைச் சொல்லும்போது குரலில் ஒரு நடுக்கமோ, முகத்தில் ஒரு சுருக்கமோ இல்லை. எண்ணைத் திரும்பப் பெறக்கூடிய அந்த ஒரு நாளில் கொள்கை பேசினார். எண் இனி அசையாது என்று ஆன பிறகு மனம் திருந்தினார். வேண்டுமென்றே செய்தாரா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. விதியை நாட்டுக்கே எழுதி விளக்கியவருக்கு விதி தெரியாமலா போகும்? மன்னிப்பும் கேட்டாயிற்று, பேரும் வாங்கியாயிற்று, மாப்பிள்ளையையும் கவிழ்த்தாயிற்று. ஒரே எட்டரையில் மூன்று காரியம்.

தங்கையிடம் நான்தான் சொன்னேன். ஒரு நாள் கெடு, முதல் எண், எல்லாவற்றையும்.

"அவன் பக்கத்துல இருக்கானா?"

"இருக்கார்க்கா."

"ஸ்பீக்கர்ல போடு."

போட்டேன். நான்கு மேசைக்கும் கேட்டது.

"அண்ணா, உன் ரிவியூவை மேலேயிருந்து கீழ வரைக்கும் படிச்சேன். ஒரு வரி விடல. அவரையும் உக்கார வெச்சுப் படிக்க வெச்சேன். நல்லா எழுதியிருக்கன்னு அவரே சொன்னார். இதை உன்கிட்ட சொல்லணும்னு நினைச்சேன், சொல்லிட்டேன்."

அவ்வளவுதான். வைத்துவிட்டார். ஆறரையின் கை கன்ட்ரோலர் மேல் அப்படியே நின்றது. திரையில் அவருடைய ஆள் சுவரில் முட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருந்தான். பிறகு, "யாருப்பா ஸ்பீக்கர்ல போடச் சொன்னது?" என்றார்.

மூன்று வருடம் ஆகிவிட்டது. அந்த ஏழு பேரும் ஆளுக்கு ஒரு திசையில் இருக்கிறார்கள். மாப்பிள்ளை ஒரு வங்கிச் செயலிக்குப் பொத்தான் வரைகிறார். தங்கை அண்ணன் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. அவர் எங்களைவிடப் பெரிய தளம் ஒன்றில் தலைமை விமர்சகராக இருக்கிறார். அந்த எட்டரை விமர்சனத்தைக் காட்டித்தான் அங்கே போனார். வாரத்துக்கு இரண்டு கேம்களுக்கு மதிப்பெண் போடுகிறார். சராசரித் தளத்தில் அந்த லிஃப்ட் கேமுக்கு நேராக இன்றும் எழுபத்தொன்றுதான் இருக்கிறது.