நாற்பத்தொன்றாம் கொக்கி

“நாப்பத்தொண்ணுக்கு யாரும்மா சட்டை குடுத்தது?”

ஸ்டோருக்குப் பொறுப்பாக இருந்த மாமா அன்று என்னிடம் கேட்ட கேள்வி இது. கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். சட்டையை எடுத்துக் கொடுத்தது இந்தக் கைதான்.

பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ராணுவ அதிகாரியாகப் பயிற்சி பெறுகிறவர்களின் பிரிவு அது. அங்கே சீருடை ஸ்டோரில் எனக்குத் தையல் வேலை. நான் பள்ளியை விட்டதே அண்ணன் படிப்பதற்காக. அந்த வருடம் அவனும் அங்கே பயிற்சி மாணவன். ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், எண்தான். அண்ணன் நாற்பத்திரண்டு.

பிரிவுக்கு அறுபது வயது, வரலாறு எழுதப்போகிறோம் என்று பழைய பட்டியல்களை என்னிடம் நகலெடுக்கக் கொடுத்தார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்குமாம். முதல் முப்பது வருடம் எண்கள் வரிசையாக இருந்தன. அதற்குப் பிறகு எல்லாப் பட்டியலிலும் நாற்பதை அடுத்து நாற்பத்திரண்டு. யாரோ தூக்கக் கலக்கத்தில் விட்டுவிட்டதை மற்றவர்களும் அப்படியே எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். வாய்திறந்து கேட்கக் கூச்சம். அண்ணன் பெயர் இருந்த அந்த வருடப் பட்டியலில் நாற்பத்திரண்டிலிருந்து ஒவ்வொரு எண்ணையும் ஒன்று குறைத்து நானே சரிசெய்துவிட்டேன்.

அண்ணன் நாற்பத்தொன்று ஆனான். ஸ்டோரில் எண்ணுக்கு ஒரு கொக்கி; வெறுமனே கிடந்த நாற்பத்தொன்றாம் கொக்கியில் அவன் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டினேன்.

மறுநாள் ஆற்றைக் கடக்கும் பயிற்சி. பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி. புதுப் பட்டியலோடு லாரி கிளம்பியது. மதியத்திலிருந்து மழை.

மாலை 5.40. பூட்ஸ் சத்தம். சளக்... சளக்...

ஒருவன் வந்து நின்றான். தொப்பலாக நனைந்திருந்தான். தொப்பி கண்ணை மறைத்தது. சட்டைக் காலர் மட்டும் பழைய மாதிரி, அகலமாக.

“நாப்பத்தொண்ணு. சட்டை.”

“அது எங்க அண்ணனோடது...”

“கூப்பிட்டாங்க. உள்ளேன்னு சொல்லிட்டேன்.”

கொக்கியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். போய்விட்டான்.

தரையைப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

5.50. மாமா வந்தார். காலிக் கொக்கியைப் பார்த்தார். கேட்டார். சொன்னேன். பட்டியலைப் பற்றியும் சொன்னேன். பாய்ந்து போனை எடுத்து ஆற்றங்கரையிலிருந்த அதிகாரியைக் கூப்பிட்டார்.

“சார், லாரிய எடுக்காதீங்க! ஆளை எண்ணுங்க!”

“அஞ்சு முப்பத்தஞ்சுக்கே நம்பர் கூப்பிட்டாச்சுய்யா. எல்லாம் சரியா இருக்கு.”

“நம்பர் வேணாம் சார்... தலை. ஒவ்வொரு தலையா.”

போனில் மழைச் சத்தம் மட்டும்.

பிறகு...

“ஒண்ணு குறையுது.”

அண்ணன்.

7.15க்குக் கிடைத்தான். ஆற்றின் போக்கில் வெகுதூரம் கீழே, கரையோர வேரில் சிக்கி. மூச்சு இருந்தது. மேலே ஒரு சட்டை போர்த்தியிருந்தது. நான் போட்ட இஸ்திரி கலையவில்லை.

கொட்டுகிற மழையில்... காய்ந்திருந்தது.

மாமா பிறகு சொன்னார். முப்பது வருடத்துக்கு முன்னால், அதே ஆறு. நாற்பத்தொன்று வந்து சேரவில்லை. வகுப்பில் சொல்லிப் பழகிய வாய், கூட்டாளி ஒருவன் அவனுக்குப் பதிலாக ‘உள்ளேன் ஐயா’ என்றிருக்கிறான். கணக்குச் சரி. அவனை விட்டுவிட்டு லாரி கிளம்பிவிட்டது. அவன் திரும்பவே இல்லை. அன்றிலிருந்து அந்த எண்ணை யாரும் கூப்பிடுவதில்லை.

கூப்பிட்டால் பதில் வருமாம்.

நாலாம் நாள் அண்ணன் ஸ்டோருக்கு வந்தான். கையில் அந்தச் சட்டை.

“யாருண்ணா போத்திவிட்டது?”

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையை நாற்பத்தொன்றாம் கொக்கியில் மாட்டினான். காலரை நீவிவிட்டான். விறைப்பாக நின்று அதற்கு ஒரு சல்யூட் அடித்தான்.