மாமி சொன்ன நிறங்கள்

லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மேல்மாடியில் போலந்து மாஸ்டர் இருந்தார். வீடே அவருடையதுதான். கீழே இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியும் எங்களுக்கு வாடகைக்கு. அவர் ஓவியர், ஒரு கலைக்கல்லூரியில் நெடுங்காலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கிற எவரும் மாஸ்டர் என்பதால், அப்பா முதல் வாரமே அந்தப் பெயரை வைத்துவிட்டார். அவரும் அதை ஒரு பட்டமாக ஏற்றுக்கொண்டு, அப்பாவைக் காணும்போதெல்லாம் தொப்பியைத் தூக்கினார்.

உலகப் போருக்கு முன் போலந்தின் கிராக்கோவில் ஓவியம் படித்தவர், போரில் எல்லாவற்றையும் இழந்து லண்டனுக்கு வந்தவர் என்பது அம்மா அறிந்து வைத்திருந்த வரலாறு. எனக்குத் தெரிந்தது சனிக்கிழமைகள் மட்டும். அன்று அவரிடம் படிக்க வளர்ந்தவர்கள் சிலர் மேலே ஏறிப் போவார்கள். உள்ளே நுழைந்ததும் அவர்களுடைய பெட்டிகளில் இருந்த கறுப்பு வர்ணக் குழாய்களை அவர் வாங்கி ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைப்பார். போகும்போது திருப்பிக் கொடுப்பார். கோவில் வாசலில் செருப்பைக் கழற்றுவது போன்ற ஒழுங்கு அது. நிழலுக்குள்ளும் நிறம்தான் இருக்கிறது, கறுப்பு என்பது சோம்பேறிகளின் கண்டுபிடிப்பு என்பது அவருடைய கட்சி. கோடு போட்டு உருவம் கீறுவதும் அவருக்குப் பிடிக்காது. ஒரு நிறத்தை வை, பக்கத்தில் இன்னொன்றை வை, மூக்கு தானாக வரும் என்பார்.

அப்படி வந்த மூக்குகளைப் பற்றி எங்கள் குசினியில் நல்ல அபிப்பிராயம் இருக்கவில்லை. அவர் கீறிய முகம் ஒவ்வொன்றிலும் பச்சையும் ஊதாவும் இருந்தன. தபால்காரருடைய கன்னம் மாங்காய்ப் பச்சை. தன்னுடைய படத்திலேயே தனக்கு ஊதாக் காது வைத்திருந்தார். "உந்த மனுசனுக்குக் கண்ணிலை ஏதோ வருத்தம்" என்பது அம்மாவின் தீர்ப்பு. வெயில் இல்லாத ஊரில் இருக்கிறவர், அந்தக் குறையை நிறத்தில் தீர்த்துக்கொள்கிறார் என்று அப்பா அவருக்காக வாதாடுவார்.

எங்களோடு அப்பாவின் தங்கையும் இருந்தார். எனக்கு மாமி. ஆஸ்பத்திரித் துணிகளைத் தோய்க்கும் ஓரிடத்தில் அவருக்கு வேலை. ஊரில் ஒரு நாள் சைக்கிளில் வெளியே போன அவருடைய கணவர், என் மாமா, திரும்பி வரவில்லை. இராணுவம் பிடித்துக்கொண்டு போனது என்றார்கள். படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டார் என்றார்கள். மாமி எதையும் மறுக்கவில்லை, எதையும் ஏற்கவுமில்லை. குங்குமப் பொட்டு வைத்தார், தாலியைக் கழற்றவில்லை. கலியாண வீடுகளில் ஆலத்தி எடுக்கக் கூப்பிட்டால் மட்டும் தடிமன், மூக்கு ஒழுகுது என்று சொல்லிப் பின்னால் போய்விடுவார்.

அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. இவ்வளவு காலம் போன பிறகும் ஈமக்கிரியை செய்யாவிட்டால் ஆத்துமா அந்தரிக்கும் என்று அவர் நம்பினார். மாமியிடம் பேச்செடுத்தபோதெல்லாம் ஒரே பதில்தான் வந்தது: "அண்ணை, நீங்கள் கண்டனீங்களோ?" அதற்கு மேல் பேச்சு நகராது. ஆகவே அவர் வேறு வழி பிடித்தார். மாமாவின் படத்தைப் பெரிதாக்கி, சுவரில் மாலையோடு இருந்த அப்பப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவது. முதலில் வெறும் படம். கொஞ்ச நாள் கழித்து ஒரு மாலை. மாலை போட்ட படத்தோடு யாரும் வாதாட முடியாது. இதை அவர் குசினியில் அம்மாவிடம் சொன்னபோது நானும் இருந்தேன். மாமி வேலைக்குப் போயிருந்தார்.

கையிலிருந்தது அடையாள அட்டைக்கு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான், தபால்தலை அளவில். டூட்டிங்கில் ஒரு ஸ்டூடியோக்காரர் அதைப் பெரிதாக்கி, உதட்டுக்குச் சிவப்புப் பூசி, இல்லாத நீலக் கோட்டு ஒன்றையும் கீறித் தந்தார். மாமா வாழ்நாளில் கோட்டுப் போட்டதில்லை. மாமி ஒரு தடவை பார்த்துவிட்டு, "இது ஆர்?" என்று கேட்டார். அந்தப் படம் அலுமாரிக்குப் பின்னால் போயிற்று. அதன் பிறகுதான் அப்பா மேல்மாடிக்கு ஏறினார்.

மாஸ்டர் சின்னப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இதில் மனிதன் இல்லை, அவனுடைய நிழல் மட்டும் இருக்கிறது. நிறம் தெரியாமல் தன்னால் கீற முடியாது என்றார். இவரைக் கடைசியாகப் பார்த்தது யார் என்று கேட்டார். அப்பா மாமியைச் சொன்னார். மாமியின் ஆங்கிலம் போதாது என்பதால் மொழிபெயர்க்க என்னையும் அனுப்புவதென்று முடிவாயிற்று. எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்து ஆங்கிலம் நன்றாக ஏறியிருந்தது. மாமி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"படம் மட்டுந்தானே, அண்ணை?" என்று மாமி கேட்டார்.

"படம் மட்டுந்தான்," என்றார் அப்பா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

முதல் ஞாயிறு மாஸ்டர் ஒன்றும் கீறவில்லை. நிறம் பூசிய கடதாசித் துண்டுகளை மேசையில் பரப்பி, மாமாவின் நெற்றி எது என்று கேட்டார். மாமி ஒரு மண்ணிறத் துண்டை எடுத்தார். மாஸ்டர் அதன் பக்கத்தில் ஒரு நீலத்தை வைத்தார். மண்ணிறம் செம்மை கொண்டது. நீலத்தை எடுத்துவிட்டு மஞ்சளை வைத்தார். அதே துண்டு இருண்டு போயிற்று. நிறம் என்று தனியாக ஒன்று இல்லை, பக்கத்தில் என்ன இருந்தது என்று சொன்னால்தான் நெற்றியின் நிறம் தெரியும் என்றார். அதை நான் ஒருவாறு தமிழில் சொல்லி முடித்தேன்.

"சீலைக்கடைக்காரரும் இப்பிடித்தான் ஏமாத்துறவை எண்டு சொல்லு," என்றார் மாமி.

சொன்னேன். மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்து, கண்ணாடி டம்ளரில் எலுமிச்சை மிதக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். மாமி அதற்குள் மூன்று கரண்டி சீனி போட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் படம் கீறும் துணிப் பலகையை நிறுத்திவைத்து, கையில் தூரிகையோடு இருந்தார். வீட்டில் எவருக்கும் தோன்றாத ஒரு கேள்வியைக் கேட்டார். கடைசியாகப் பார்த்தபோது வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது?

மாமி கடதாசித் துண்டுகளை ஒழுங்காக அடுக்கினார்.

"மேலையிருந்து," என்றார் பிறகு. "கூரையிலை ஒரு கண்ணாடி ஓடு."

பின்னால் என்ன இருந்தது?

"சீமெந்து. கழுவின சீமெந்து. ஈரம் காயேல்லை."

நெற்றிக்கு முதல் ஞாயிறு எடுத்த மண்ணிறத்தை மாமி ஒதுக்கினார். சாம்பலில் பச்சை கலந்த ஒரு துண்டை எடுத்து மாஸ்டரின் பக்கம் தள்ளினார். உதட்டுக்கு எந்தத் துண்டும் சரிவரவில்லை. நாவற்பழம் தின்ற வாய் போல என்று சொல்லச் சொன்னார். நாவற்பழத்துக்கு எனக்கு ஆங்கிலம் தெரியாது; கறுப்புத் திராட்சைச் சாறு குடித்த வாய் போல என்று சொன்னேன். என் கெட்டித்தனம் எனக்கே பிடித்திருந்தது.

கண் என்ன நிறம் என்று மாஸ்டர் கேட்டார்.

"கண் மூடியிருந்தது."

இதையும் சொன்னேன். மாஸ்டர் தூரிகையைக் கீழே வைத்தார்.

மாமா நித்திரையோ என்று நான் மாமியைக் கேட்டேன். "ஓம், பிள்ளை," என்றார்.

மாஸ்டர் என்னைப் பார்த்து, மிக மெதுவான ஆங்கிலத்தில் பேசினார். அப்படி ஒரு முகத்தைத் தானும் பார்த்ததுண்டு என்றும், அது தன் அண்ணனுடையது என்றும் மாமிக்குச் சொல்லச் சொன்னார். பிறகு, மாமி எடுத்த நிறங்களில் கீறுவதா, வேறு நிறங்களிலா என்று கேட்கச் சொன்னார்.

"நான் கண்ட மாதிரியே கீறட்டும்," என்றார் மாமி. "ஆனா வீட்டிலை ஒருத்தருக்கும் விளங்கக் கூடாது எண்டு சொல்லு."

ஏதோ எங்களை ஆச்சரியப்படுத்தப் போகிறார்கள் என்று நினைத்து, ரகசியம் சொல்லும் குரலில் அதையும் மொழிபெயர்த்தேன். அது தனக்குச் சுலபம், தன் படங்கள் இதுவரை எவருக்கும் விளங்கியதில்லை என்றார் மாஸ்டர்.

கீழே வந்ததும் அப்பா என்னை விசாரித்தார். மாமாவுக்குப் பச்சையும் ஊதாவும் என்றேன். "உது தெரிஞ்ச கதைதானே," என்று சொல்லிவிட்டு அவர் தொலைக்காட்சிக்குத் திரும்பினார்.

படம் வந்தபோது இலையுதிர்காலம். அம்மா செப்டம்பர் என்கிறார், என் நினைவில் அக்டோபர். மாமாவின் முகம் சற்றே தாழ்ந்து, இமைகள் இறங்கியிருந்தன. நெற்றியில் சாம்பற் பச்சை, உதட்டில் ஊதா, பின்னால் ஈரமான வெளிறிய நீலம். தலைமயிரில்கூடக் கறுப்பு இல்லை. எங்கள் மாப்பிள்ளையையும் தபால்காரர் ஆக்கிப்போட்டார் என்று அம்மா முணுமுணுத்தார். கண் ஏன் திறந்திருக்கவில்லை என்று அப்பா கேட்டதற்கு, அவர் பேப்பர் படிக்கிறார், பேப்பர் படச்சட்டத்துக்கு வெளியே இருக்கிறது என்று மாஸ்டர் பதில் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அது திருப்தியாக இருந்தது. மாமா உண்மையிலேயே விளம்பரம்வரை பேப்பர் படிக்கிறவர்.

மாலையை அப்பா வாங்கி வந்தது ஒரு சனிக்கிழமை. பிளாஸ்டிக் பையைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். மாமியிடம் பேச வேண்டிய நீண்ட பேச்சு ஒன்றை அவர் ஆயத்தம் செய்திருந்தது எங்களுக்குத் தெரியும். அதில் ஒரு வசனம்கூடத் தேவைப்படவில்லை. மாமி தானே போய்ப் பையைத் திறந்தார். கதிரையில் ஏறி நின்று மாலையைப் படத்துக்குப் போட்டு, சந்தனம் குழைத்துப் படத்தின் நெற்றியில் பொட்டு வைத்தார். குளியலறைக்குப் போய்த் திரும்பி வந்தபோது அவருடைய நெற்றி வெறுமையாக இருந்தது. ஷிப்டுக்கு நேரமாகிறது என்று குளிர்க் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

படம் ஒன்று சாதித்ததை வாயால் சாதிக்க முடியவில்லை என்று அப்பா சொந்தக்காரர்களுக்கு வருடக்கணக்காகச் சொன்னார். அவருடைய யோசனை வென்றுவிட்டது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மாஸ்டர் இறந்தார். அவருடைய மாணவர்கள் ஒரு சேர்ச் மண்டபத்தில் அவருடைய படங்களைப் பார்வைக்கு வைத்தார்கள். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இருந்தேன். அங்கே ஒவ்வொரு முகமாக நின்று பார்த்தபோது ஒன்று தெரிந்தது. பச்சையும் ஊதாவும் எப்போதும் நிழல் விழுந்த பக்கத்தில் இருந்தன. வெளிச்சம் பட்ட பக்கம் எல்லா முகத்திலும் சூடாக, மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. மாமாவின் படத்தில் வெளிச்சம் பட்ட இடத்தில்தான் பச்சை. இதை நான் கவனித்தேன், காரணம் தேடவில்லை.

காரணத்தை மாமி அம்மாவிடம் சொன்னது அப்பா காலமான பிறகு. அம்மா எனக்குச் சொன்னார். மாமா காணாமற்போன மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி, அங்கே வேலை செய்த தெரிந்தவர் ஒருவர் மாமிக்கு ரகசியமாக ஆள் அனுப்பினார். கழுவிய சீமெந்து நிலத்தில் சிலரைக் கிடத்தியிருந்தார்கள். உன்னுடைய ஆள் இதற்குள் இருக்கிறாரா என்று துவக்கோடு நின்ற இராணுவத்தினர் கேட்டார்கள். ஓம் என்றால் அடுத்தது விலாசம் கேட்பார்கள். அந்த விலாசத்தில், பின்னறையில், அவர்கள் பிடித்துக்கொண்டு போகிற வயதிலிருந்த அப்பா ஒளிந்திருந்தார். மாமி மாமாவைப் பார்த்தார், கடந்து நடந்தார், இல்லை என்று தலையாட்டினார். பிறகு உண்மையைச் சொன்னால் அண்ணன் அதைச் சுமந்துகொண்டு வாழ வேண்டிவரும் என்று நினைத்து, அதே பொய்யை லண்டனுக்கும் கொண்டுவந்தார்.

ஆக, எங்கள் குடும்பத்தில் மாமா இறந்துவிட்டார் என்று முதலில் வாயால் சொன்னது நான்தான். ஒரு ஞாயிறு காலை, தெளிவான ஆங்கிலத்தில், ஒரு நிறத்தையும் விடாமல் சொன்னேன். சொல்லச் சொன்னவருக்கு விளங்கியது, கேட்டவருக்கும் விளங்கியது. நடுவில் நின்ற நான், மாமா நல்ல நித்திரை என்று நினைத்துக்கொண்டு படியிறங்கி வந்தேன்.